நம்ம ரோட்டில் வண்டி ஓட்டுவது எப்படி: லைசென்ஸ் வாங்கிய பிறகு தெரிந்துகொள்ள வேண்டியவை

எட்டு போட்டு லைசென்ஸ் வாங்குவதற்கும், விழுப்புரம் தாண்டி நான்கு வழிச்சாலையில் வண்டி ஓட்டுவதற்கும் பெரிதாகச் சம்பந்தம் கிடையாது. டிரைவிங் ஸ்கூலில் கிளட்ச், கியர், ரிவர்ஸ் எல்லாம் சொல்லித் தருவார்கள். ராங் சைடில் புல்லுக்கட்டோடு எதிரே வருகிற எக்ஸ்எல் வண்டியை என்ன செய்வது, பின்னாலிருந்து ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வருகிற பஸ்ஸுக்கு எப்போது ஒதுங்குவது, இதெல்லாம் பாடத்தில் இல்லை. பைக்கோ காரோ புதிதாக ஓட்டத் தொடங்கியவர்களுக்கும், ஊருக்குள் மட்டும் ஓட்டிப் பழகி முதல் முறையாக ஹைவே ஏறப் போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

மத்திய அரசின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள், அதில் இறந்தவர்கள் 1,68,491 பேர். விபத்து எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. உயிரிழப்பில் உத்தரப்பிரதேசத்துக்கு அடுத்து இரண்டாவது இடம். இறந்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் டூவீலரில் போனவர்கள். காரணம் என்ற இடத்தில் பத்தில் ஏழு உயிரிழப்புக்கு 'அதிவேகம்' என்று போட்டிருப்பார்கள். எஃப்ஐஆர் எழுதுகிற இடத்தில் அது எல்லாவற்றுக்கும் பொருந்துகிற காரணம் என்பதால் அப்படியே நம்ப வேண்டியதில்லை, ரோடு போட்டவர் செய்த தப்பும் அதற்குள்ளேதான் ஒளிந்துகொள்கிறது. ஆனாலும் வேகம் குறைவாக இருந்திருந்தால் அதில் பலர் பிழைத்திருப்பார்கள் என்பதில் சந்தேகமில்லை.

ஜனங்களுக்கு ஒழுங்கில்லை என்று திட்டிவிட்டுப் போவது சுலபம். ஒழுங்கில்லைதான், ஆனால் நாளைக் காலையில் நீங்கள் வண்டியை எடுக்கும்போது அது மாறியிருக்காது. அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே கணக்கில்தான் போகும்: அடுத்தவர் தப்பு செய்வார் என்று வைத்துக்கொண்டு, அந்தத் தப்புக்கு முன்கூட்டியே இடம் விட்டு ஓட்டுவது.

படி 1: கிளம்பும் முன்

டயரில் காற்று, பட்டன் (டயரின் மேல் இருக்கிற ரப்பர் மேடுகள்) தேய்மானம், பிரேக், எல்லா லைட்டும். பிரேக் லைட்டைத்தான் யாரும் பார்ப்பதில்லை, ஏனென்றால் அது ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியாது. இரவில் சுவருக்கு முன்னால் பின்பக்கத்தைக் காட்டி நிறுத்தி பிரேக்கை மிதித்தால் சுவரில் சிவப்பு விழும், அவ்வளவுதான் சோதனை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 1819 என்றிருந்தால் 2019-ஆம் வருடம் 18-வது வாரத்தில் செய்தது. பழைய கார் வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள், பட்டன் நிறைய இருந்தும் ரப்பர் காய்ந்து வெடித்துப்போன டயர்களை ஹைவே ஓரத்தில் எத்தனை பார்க்கிறோம்.

பைக்கில் ரியர் வியூ கண்ணாடியைக் கழற்றி வைப்பது ஸ்டைல் என்று நினைப்பவர்கள் மேலே படிக்க வேண்டாம், அதை முதலில் மாட்டிவிட்டு வாருங்கள்.

ஹெல்மெட்டில் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 4151 என்ற எண்ணும் இருக்க வேண்டும். ரோட்டோரத்தில் அடுக்கி வைத்து விற்பதிலும் முத்திரை ஒட்டியிருக்கும், அதனால் தரமான கடையில் வாங்குவது நல்லது. தாடைப் பட்டையைப் பூட்டாத ஹெல்மெட் விழும்போது தலைக்கு முன்னால் போய்விடும், போலீசைப் பார்த்ததும் மாட்டுவதற்கு மட்டுமே அது உதவும். பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம், போடாவிட்டால் ரூ.1,000 அபராதம். பின்னால் இருப்பவரின் சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் சக்கரப் பக்கம் தொங்காமல் இழுத்துச் செருகியிருக்கிறதா என்று கிளம்பும் முன் ஒரு தரம் கேட்டுவிடுங்கள். சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் கழுத்தோடு இழுத்துப் போட்டுவிடும்.

காரில் பின் சீட் பெல்ட்டைப் பற்றி நம் வீடுகளில் ஒரு விநோதமான நம்பிக்கை உண்டு, முன்னால் இருப்பவருக்குத்தான் அடிபடும் என்று. 2022 செப்டம்பரில் டாட்டா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிராவின் பால்கர் அருகே விலையுயர்ந்த காரின் பின் சீட்டில் பெல்ட் போடாமல் இருந்துதான் இறந்தார். முன் சீட்டில் பெல்ட் போட்டிருந்த இருவரும் பலத்த காயத்தோடு பிழைத்தார்கள். பெல்ட் போடாமல் பின்னால் உட்கார்ந்திருப்பவர் மோதலில் முன்னால் பறந்து வந்து முன் சீட்டில் இருப்பவரையும் நசுக்குவார். தாத்தா பாட்டியைப் பெல்ட் போடச் சொன்னால் 'ஊருக்குள்ளதானே போறோம்' என்பார்கள், போட்ட பிறகுதான் வண்டி நகரும் என்று சொல்லிவிடுங்கள்.

படி 2: வேகத்தைக் கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள்

100 கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 80-இல் போனால் 75 நிமிடம், 100-இல் போனால் 60 நிமிடம். மிச்சம் 15 நிமிடம், அதுவும் ரோடு முழுக்கக் காலியாக இருந்தால். ஒரு டீக்கும் ஒரு டோல்கேட் வரிசைக்கும் அது சரியாகப் போய்விடும்.

இப்போது மறுபக்கக் கணக்கு. ஆபத்தைக் கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை வினாடி என்று வையுங்கள். அந்த நேரத்தில் வண்டி குறையாத வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். காய்ந்த நல்ல ரோட்டில், நல்ல டயரில், மொத்தமாக நிற்க ஆகும் தூரம் 60-இல் சுமார் 45 மீட்டர், 80-இல் சுமார் 70 மீட்டர், 100-இல் சுமார் 100 மீட்டர். 80-இல் வந்த கார் 70 மீட்டரில் ஒரு மாட்டின் மூக்குக்கு முன்னால் நின்றுவிட்டது என்றால், அதே இடத்தில் மாட்டைப் பார்த்த 100 கார் அதை இன்னும் சுமார் 70 கிலோமீட்டர் வேகத்தில் இடிக்கும். 'இருபதுதானே கூட' என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

ரோட்டில் போகும்போது பக்கத்து வண்டி சீண்டும், பின்னால் உட்கார்ந்திருக்கிற மச்சான் 'என்ன மாமா, மாட்டுவண்டி ஓட்றீங்களா' என்பான். அந்த நேரத்தில் எடுக்கிற முடிவு நல்ல முடிவாக இருக்காது. அதனால்தான் முன்பே முடிவு செய்யச் சொல்கிறேன், நேரம் வேண்டுமென்றால் அரை மணி நேரம் முன்னால் கிளம்புங்கள்.

படி 3: இடைவெளி விடுவது, அதை அடுத்தவன் நிரப்பினாலும் மறுபடி விடுவது

முன்னால் போகும் வண்டி ஒரு மைல்கல்லைத் தாண்டும்போது 'ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு' என்று மனதில் சொல்லுங்கள். சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் அந்தக் கல்லைத் தொட்டுவிட்டால் நெருக்கமாகப் போகிறீர்கள். மழையில் இதை இரட்டிப்பாக்க வேண்டும்.

உடனே ஒரு கேள்வி வரும்: நான் இடைவெளி விட்டால் ஆட்டோ வந்து புகுந்துவிடுகிறானே? புகுவான். புகட்டும். அவனுக்குப் பின்னால் மறுபடி இரண்டு வினாடி விடுங்கள். சென்னையிலிருந்து திருச்சி போவதற்குள் இருபது பேர் அப்படிப் புகுந்தாலும் உங்களுக்கு நஷ்டம் ஒரு நிமிடம்கூட இருக்காது, ஆனால் விட்டுக்கொடுக்கிறோமே என்ற எரிச்சல் இருக்கிறதே, அதுதான் நிறையப் பேரை முட்ட வைக்கிறது.

லாரிக்கும் பஸ்ஸுக்கும் பின்னால் பைக்கில் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பெரிய வண்டி பள்ளத்தைச் சக்கரங்களுக்கு நடுவில் விட்டுப் போய்விடும், அது கடந்த அடுத்த நொடி அந்தப் பள்ளம் உங்கள் முன் சக்கரத்துக்குக் கீழே இருக்கும். பஸ் எங்கே வேண்டுமானாலும் நிற்கும், நிறுத்தம் என்று போர்டு இருப்பதெல்லாம் சும்மா ஓர் அடையாளத்துக்கு.

படி 4: ரோட்டின் பேச்சைக் கற்றுக்கொள்ளுங்கள்

இதைத்தான் யாரும் எழுதி வைப்பதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எதிரே வருகிற வண்டி ஹை பீமை இரண்டு முறை வெட்டினால், சில நாடுகளில் 'நீங்கள் போங்கள்' என்று பொருள். நம் ஊரில் நேர் எதிர்: 'நான் வருகிறேன், நீ நில்லு'. வெளிநாட்டில் ஓட்டிப் பழகி விடுமுறைக்கு வருகிறவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான்.

முன்னால் போகும் லாரி ரைட் இண்டிகேட்டர் போட்டால் மூன்று அர்த்தம் இருக்கலாம். வலது பக்கம் திரும்பப் போகிறது. எதிரே வண்டி வருகிறது, என்னை முந்தி ஏறாதே. ரோடு காலி, ஏறிப் போ. மூன்றில் எது என்று அந்த டிரைவருக்கு மட்டும்தான் தெரியும். அதை நம்பி வண்டியை வெளியே எடுக்கக்கூடாது, உங்கள் கண்ணுக்கு எதிர் ரோடு தெரிந்தால் மட்டுமே எடுக்க வேண்டும். கையைக் காட்டி 'வா வா' என்று கூப்பிடுகிற கிளீனருக்கும் இதேதான். அவர் நல்ல மனசோடுதான் கூப்பிடுகிறார், ஆனால் உங்கள் வண்டியின் பிக்அப் அவருக்குத் தெரியாது.

நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டு 'நேராகப் போகிறேன்' என்று சொல்லும் பழக்கம் ஒன்று இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். பக்கத்து ரோட்டிலிருந்து பார்க்கிறவருக்கு ஒரு பக்க விளக்குத்தான் தெரியும், நீங்கள் அவர் பக்கம் திரும்புகிறீர்கள் என்று நினைத்து இறங்கிவிடுவார். நேராகப் போவதற்கு எந்தச் சிக்னலும் தேவையில்லை.

2017-க்குப் பிறகு வந்த பைக்குகளில் முன் விளக்கு பகலிலும் தானாக எரியும். எதிரே வருகிற பெரியவர்கள் இன்னமும் ஐந்து விரலையும் விரித்துச் சுருக்கி 'லைட் எரியுது தம்பி' என்று சைகை காட்டுவார்கள். தலையாட்டிவிட்டுப் போங்கள்.

அப்புறம் ஒவ்வொருவரும் எப்படி நடந்துகொள்வார் என்பது. ஷேர் ஆட்டோவின் கண் எப்போதும் இடது ஓரத்தில் நிற்கிற மனிதர் மேல் இருக்கும். கை தூக்கினால் எந்த லேனிலிருந்தும் இடதுபக்கம் வெட்டும். அதனால் ஆட்டோவைப் பார்க்காதீர்கள், அதற்கு முன்னால் ஓரத்தில் ஆள் நிற்கிறாரா என்று பாருங்கள். நின்றிருக்கிற பஸ்ஸின் முன்பக்கத்திலிருந்து ஒருவர் குறுக்கே ஓடி வருவார் என்று எப்போதும் வைத்துக்கொள்ளுங்கள். கிராமத்துச் சந்தில் இருந்து வருகிற பைக் மெயின் ரோட்டில் ஏறிய பிறகுதான் திரும்பிப் பார்க்கும். ஓர் ஆடு ரோட்டைக் கடந்தால் மீதி ஆடுகளும் வரும். சென்டர் மீடியனில் செடி உயரமாக இருக்கிற இடத்தில் இடைவெளி வந்தால், அதிலிருந்து பைக்கின் முன் சக்கரம் நீட்டிக்கொண்டிருக்கும். ராங் சைடில் வருகிறவர்கள் பெரும்பாலும் உங்கள் இடது ஓரத்தை ஒட்டித்தான் வருவார்கள், யூ டர்னுக்கு ஒரு கிலோமீட்டர் சுற்றுவதற்கு மனம் வராமல். அவர்களைத் திருத்துவது உங்கள் வேலை இல்லை. லைட் அடித்துப் பயமுறுத்தினால் அவர் பதறி எந்தப் பக்கம் திரும்புவார் என்று சொல்ல முடியாது.

இன்னொன்று, காலையில் ஹைவே போகிறவர்களுக்கு: மீடியனில் இருக்கிற அரளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் லாரி, வேகமாகப் போக வேண்டிய வலது லேனில் அசையாமல் நின்றுகொண்டிருக்கும். வளைவு தாண்டியதும் நிற்கும்.

படி 5: ஓவர்டேக்

இரு வழிச்சாலையில் நேருக்கு நேர் மோதல் பலதும் இங்கேதான் பிறக்கிறது. முன்வண்டியின் பம்பரை ஒட்டிக்கொண்டு எட்டிப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது, அங்கிருந்து எதுவும் தெரியாது. பின்தங்கி வாருங்கள், பின்தங்கினால்தான் எதிர் ரோடு திறக்கும். கார் என்றால் ஒரு கியர் குறைத்து, கண்ணாடியில் பின்னால் யாராவது ஏற்கெனவே உங்களை ஏறிக்கொண்டிருக்கிறாரா என்று பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, ஒரு ஹாரன் அடித்து, தயங்காமல் ஏறி முடித்துவிட வேண்டும். ஏறிய வண்டி முழுதாக உங்கள் உள் கண்ணாடியில் தெரிந்த பிறகே இடது பக்கம் வர வேண்டும். பாலம், வளைவு, மேடு, ஊர் தொடங்கும் இடம், இந்த நான்கிலும் ஓவர்டேக் என்ற எண்ணமே வேண்டாம். லாரியை ஏறும் லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு மூன்றாவது ஆளாகப் போகிறவருக்கு, அந்த லாரி உள்ளே நுழைந்ததும் எதிரே என்ன வருகிறது என்று பார்க்கக் கிடைப்பது ஒரே ஒரு வினாடி.

லாரி பக்கத்தில் போகும்போது அதன் பக்கக் கண்ணாடியில் டிரைவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் இணையாகப் போய்க்கொண்டே இருக்காதீர்கள். குறிப்பாக இடது பக்கம், இடது திருப்பத்தில், பைக்கில்.

படி 6: இரவு

முடிந்தால் போகாதீர்கள் என்பதுதான் என் கருத்து. போயே ஆக வேண்டும் என்றால் ஒரே ஒரு விதி: உங்கள் விளக்கு காட்டுகிற தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகம். எதிரே ஹை பீம் கண்ணைக் குத்தினால் நீங்களும் பதிலுக்கு ஹை பீம் போட்டால் இரண்டு குருடர்கள் நேருக்கு நேர் வருகிறார்கள் என்று அர்த்தம். பார்வையை இடது ஓர வெள்ளைக் கோட்டில் வைத்து ஆக்சிலேட்டரை விடுங்கள்.

நின்றுகொண்டிருக்கிற லாரிதான் ஹைவே இரவின் பெரிய எமன். பின்னால் ரிஃப்ளெக்டர் மண்ணில் மறைந்திருக்கும், பஞ்சரான லாரி லேனிலேயே நிற்கும், அடையாளத்துக்கு நான்கு கல்லும் ஒரு வேப்பங்கிளையும். கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லருக்கும் பின் விளக்கு இருக்காது. தை மாதம் பழனிக்கும், ஆவணியில் வேளாங்கண்ணிக்கும் பாதயாத்திரை போகிறவர்கள் கூட்டமாக இரவில் நடப்பார்கள், அந்த வழியில் அந்த நாட்களில் இடது ஓரத்தைக் கூட்டத்துக்கு விட்டுவிடுங்கள்.

தூக்கம். அதிகாலை 2 மணியிலிருந்து 5 வரை உடம்பு தூங்கத்தான் கேட்கும், பாட்டும் டீயும் அதை ஏமாற்றுகிறதே தவிர தீர்ப்பதில்லை. கடைசி சில கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்று நினைவில்லை என்றால் ஏற்கெனவே தூங்கிவிட்டீர்கள், வெளிச்சமான பெட்ரோல் பங்கில் நிறுத்தி இருபது நிமிடம் கண்ணை மூடுங்கள். இதில் வண்டி ஓட்டாதவர்களுக்கும் பங்கு இருக்கிறது. பகல் முழுக்க நான்கு கோயில் சுற்றிவிட்டு, லாட்ஜ் காசு மிச்சம் என்று ராத்திரியே ஊர் திரும்பச் சொல்கிறோமே, அந்த வேன் டிரைவர் முந்தின ராத்திரி தூங்கினாரா என்று யாரும் கேட்பதில்லை. டிரைவர் 'பரவாயில்லை சார்' என்றுதான் சொல்வார், அடுத்த டிரிப் அவருக்கு வேண்டுமே.

படி 7: மழை, மலை, மது

நீண்ட வெயிலுக்குப் பிறகு வருகிற முதல் மழையின் முதல் அரை மணி நேரம்தான் வழுக்கல் அதிகம், ரோட்டில் படிந்த எண்ணெய் மிதந்து வரும். பைக்கில் வெள்ளைக் கோட்டின் மேலும் இரும்பு மூடி மேலும் பிரேக் பிடிக்காதீர்கள்.

மலை இறங்கும்போது ஏறிய அதே கியரில் இறங்க வேண்டும், டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடக்கூடாது. தருமபுரி பக்கம் தொப்பூர் கணவாயில் லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகும் வண்டிகளை வரிசையாக இடித்த செய்திகளைப் படித்திருப்பீர்கள், தொடர்ந்து மிதித்தே இறங்கினால் பிரேக் சூடாகி வேலை செய்யாமல் போகும். குறுகலான இடத்தில் மேலே ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை, இறங்குகிறவர் ஒதுங்க வேண்டும்.

குடித்துவிட்டு ஓட்டுவது பற்றி நீளமாகச் சொல்ல எதுவுமில்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் தாண்டினால் குற்றம், முதல் முறைக்கு ரூ.10,000 அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒரு பீருக்கே தாண்டக்கூடும். பையனுக்குப் பதினெட்டு ஆகும் முன் சாவியைக் கொடுக்கிற அப்பாக்களுக்கும் ஒன்று: பிடிபட்டால் ரூ.25,000 அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் பெற்றோருக்கு.

படி 8: விபத்தைப் பார்த்தால்

முதலில் உங்கள் வண்டியைத் தள்ளி ஓரமாக நிறுத்தி ஹசார்டு விளக்கைப் (நான்கு இண்டிகேட்டரும் ஒன்றாக எரிவது) போடுங்கள், பார்க்க நின்றவர்களை அடுத்த வண்டி இடிப்பது நம் ஊரில் அடிக்கடி நடக்கிறது. 108-க்குச் சொல்லும்போது ஊர்ப் பெயரோடு பக்கத்துக் கிலோமீட்டர் கல்லின் எண்ணையும், எந்த ஊரை நோக்கிப் போகிற பக்கம் என்பதையும் சொல்லுங்கள், மீடியன் இருக்கிற ரோட்டில் ஆம்புலன்ஸ் மறுபக்கம் வந்தால் சுற்றி வர நேரமாகும். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 எண்ணும் உண்டு. ரத்தம் வருகிற இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள், மயங்கியவருக்கு அது மூச்சுக்குழாயில் போய்விடும். கழுத்தை அசைக்காதீர்கள், மூச்சு விடுகிறார் என்றால் ஹெல்மெட்டை உருவ வேண்டாம். கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கிப் போடுவதைப் பார்த்தால் தடுங்கள். விபத்தில் பட்ட முதுகெலும்புக் காயம் அந்தத் தூக்கலில் இன்னும் மோசமாகிவிடலாம்.

போலீஸ், கோர்ட் என்று அலைய விடுவார்கள் என்ற பயத்தில் ஒதுங்கிப் போக வேண்டாம். 2016-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்து, 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ பிரிவாக வந்துவிட்டது: உதவி செய்தவர் மீது வழக்கு போட முடியாது, பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது, சாட்சியாக வருவது அவர் விருப்பம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சையை பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் அரசே பார்த்துக்கொள்கிறது, அடிபட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும். மத்திய அரசும் 2025 மே முதல் ஏழு நாட்களுக்கு ரூ.1.5 லட்சம் வரை பணமில்லாச் சிகிச்சை என்று அறிவித்திருக்கிறது. கவுண்டரில் முன்பணம் கேட்டால் இந்தப் பெயர்களைச் சொல்லிக் கேளுங்கள்.

இடித்த வண்டி நிற்காமல் போய்விட்டால், நம்பரில் கடைசி நான்கு எண்ணும் வண்டியின் நிறமும் கிடைத்தால்கூட உடனே எழுதி வையுங்கள். எதுவுமே கிடைக்கவில்லை என்றாலும் எஃப்ஐஆர் பதிவு செய்யச் சொல்லுங்கள், ஏனென்றால் அடையாளம் தெரியாத வண்டி இடித்ததற்கும் இழப்பீடு உண்டு: உயிரிழப்புக்கு ரூ.2 லட்சம், பலத்த காயத்துக்கு ரூ.50,000. இது இருப்பதே தெரியாமல் நிறையக் குடும்பங்கள் விண்ணப்பிக்காமல் விட்டுவிடுகின்றன. எஃப்ஐஆர் நகலை வைத்துக்கொண்டு அந்தப் பகுதி வட்டாட்சியர் அலுவலகத்திலோ கோட்டாட்சியர் அலுவலகத்திலோ கேட்டால் எங்கே மனு கொடுப்பது என்று சொல்வார்கள்.